கதை: லோகநாயகி

எங்கள் வீட்டுக் கதையை வைத்து இரண்டு படம் எடுத்தார்கள். எண்பத்திரண்டில் ஒன்று, தொண்ணூற்றாறில் ஒன்று. முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன். இரண்டாவதைப் பார்த்துவிட்டு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மனசு ஆறவில்லை.

எங்கள் வீட்டுக் கதை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எழுதியவர் என் வீட்டுக்காரர் கஜபதி, பெயர் என்னுடையது. அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கிற டர்னர். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் பத்திரிகைக்குக் கதை எழுதினால் மேலே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். இவர் எழுதியதோ பூமிக்கடியில் ஒரு ஊர், அங்கே ஒரு இயந்திரம் என்று. "செக்யூரிட்டில கூப்ட்டு, இது எந்த மெஷினு, எந்த ஷாப்புன்னு கேட்டா இன்னா பண்றது?" என்று பயந்து செத்தார். அந்தக் காலத்தில் க்வார்ட்டர்ஸில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு மூன்று ஆம்பிளைகள் செய்ததைத்தான் இவரும் செய்தார். பெண்டாட்டி பெயரைப் போட்டு அனுப்பினார்.

பெயரோடு விட்டாரா? நாளைக்கு விசாரணை என்று வந்தால் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடுமாம். அதனால் அவர் எழுதிய ஒவ்வொரு தாளையும் நான் என் கையால் திரும்ப எழுத வேண்டும். காலையில் அவர் ஷிப்டுக்குப் போனதும், சோறு வடித்து வைத்துவிட்டு உட்காருவேன். நானூற்றுச் சொச்சம் பக்கம். நான் எழுதி முடித்ததும் அவர் எழுதின தாளை அவரே கிழித்து அடுப்பில் போடுவார். எண்பதில் அது ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. 'சகோதரி லோகநாயகி அவர்களுக்கு' என்று கடிதம் கடிதமாக வரும். அதற்குப் பதில் எழுதியதும் நான்தான்.

"ரிட்டயர் ஆவற வரிக்கும்தான் லோகா. அப்பறம் தெகிரியமா என் பேரப் போட்டுக்கறேன்" என்பார். எனக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. அவர் பேர் ஒரு நாள் பெரிசாக வர வேண்டும், அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். திருவேற்காட்டு அம்மனிடம் பதினாறு வருஷம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதைக்குப் பெயர் 'மூச்சளவு'. மேலே காற்று கெட்டுப்போய் ஜனங்கள் எல்லாரும் பூமிக்கடியில் குடியிருக்கிறார்கள். மழை இல்லை, வெயில் இல்லை. ஆளுக்கு இவ்வளவு மூச்சு என்று ரேஷன். அதை அளந்து கொடுப்பது ஒரு இயந்திரம். அதற்கு முகம் கிடையாது, பேச்சு கிடையாது, சுவரில் ஒரு முள் மட்டும் உண்டு. ஒருத்தி கணக்கில் வராமல் ஒரு குழந்தையைப் பெற்று ஒளித்து வைக்கிறாள். சோதனைக்காரர்கள் வந்து முள்ளுக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒரு ஆள் அதிகம் என்று அது காட்ட வேண்டும். முள் கொஞ்சம் நடுங்குகிறது. பிறகு பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. இயந்திரம் முதல் தடவையாகப் பொய் சொல்கிறது.

அந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தை எழுதினேன். பதினைந்து வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனுக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று மலைப்பாக இருந்தது.

முதல் படம் ஆவடியில் வந்தபோது க்வார்ட்டர்ஸே திரண்டு போனது. டைட்டிலில் 'கதை: லோகநாயகி' என்று விழுந்ததும் ஒரே விசில். அவர் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லதாக நாலு நிமிஷம் போனது. பிறகு இயந்திரம் வந்தது.

ஐயோ, அதை என்னவென்று சொல்ல! பிளைவுட் பெட்டி, கல்யாண வீட்டு சீரியல் பல்பு, நடுவில் இரண்டு கண். கண்ணுக்குக் கீழே மீசை. சத்தியமாகச் சொல்கிறேன், இயந்திரத்துக்கு மீசை வைத்திருந்தார்கள். அது நாடகக்காரன் மாதிரி அடித்தொண்டையில் செந்தமிழ் பேசியது. தங்கச்சி தங்கச்சி என்று உருகியது. அழுதபோது கண்ணில் தண்ணீர் வந்தது, தண்ணீர் விடுகிற ரப்பர் ட்யூபும் கூடவே தெரிந்தது. கடைசியில் அம்மன் சூலத்தோடு வந்து வில்லனைக் குத்தினாள். விஞ்ஞானக் கதைக்குள் அம்மனுக்கு என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக் கட்டத்தில் மட்டும், வேறு என்ன செய்வது என்று தெரியாமலோ என்னவோ, மீசைப் பெட்டியை விட்டுவிட்டு முள் வைத்த ஒரு பழைய பிரஷர் கேஜைக் காட்டினார்கள். வாத்தியம் இல்லை, வசனம் இல்லை. முள் நடுங்கியது, நின்றது. தியேட்டரில் ஒருத்தர்கூட இருமவில்லை. அரை நிமிஷம்தான் இருக்கும், அந்த அரை நிமிஷம் கதை அங்கே இருந்தது.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு செலின் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, மெஷினுக்கு மீசலாம் வச்சிக்கீறீங்க? சேவிங் யாரு பண்ணி உடறது?" எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு மாசம் கடைக்குப் போனாலும் மீசை, கோயிலுக்குப் போனாலும் மீசை. அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளியே பேச்சு வாங்கியது நான்தான். பரவாயில்லை, அவருக்காகத்தானே என்று இருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ரிட்டயர் ஆனார். திருவேற்காட்டில் இரண்டு ரூம் போட்டுக் குடிவந்தோம். அடுத்த வருஷம் ஒரு புது டைரக்டர் வீடு தேடி வந்தான். காலேஜில் படிக்கும்போதே அந்த நாவலைப் படித்தவனாம். அந்த முள் நடுங்குகிற இடத்தை அப்படியே ஒப்பித்தான். பழைய படத்தைச் சொல்லிச் சிரித்தான். "அத எடுத்தவங்களுக்கு நாவலே புரியலம்மா" என்றான். எனக்கு அவன்மேல் உயிரே வந்துவிட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாக ஒரு அந்நிய மனுஷனிடம் வாய் திறந்தார். "எழுதனது நான்தாம்பா." அந்தப் பையன் எழுந்து அவர் காலைத் தொட்டான். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பழைய பத்திரங்கள் எல்லாம் என் பெயரில் இருந்ததால், பெயரை மாற்றிப் போட என் கையால் ஒரு கடிதம் வேண்டும், டைட்டில் எடுக்கும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று கம்பெனி மேனேஜர் பக்தவத்சலம் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. "தெரைல பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

ஆறு மாசம் கழித்து, வடபழனியில் ஒரு சின்னத் தியேட்டரில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பூந்தமல்லி போய், ஐயப்பன்தாங்கல் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் அவர் சட்டைக் காலரை நீவிக்கொண்டே வந்தார்.

படம் ஆரம்பித்தது. முகமே இல்லாத இயந்திரம் இதில் ஒரு பெண்பிள்ளை. உடம்பு முழுக்க வெள்ளிப் பெயிண்ட். காமிரா அவள் தொப்புளை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மழையே இல்லாத ஊரில் மழைப் பாட்டு. காமெடியன் காற்றுக் குழாய்க்குள் குசு விடுகிறான், ஊரே மயங்கி விழுகிறது, இதைப் பத்து நிமிஷம் காட்டினான். குழந்தையைக் காணோம், அதற்குப் பதிலாக ஹீரோவின் காதலி. முள்? கம்ப்யூட்டரில் செய்தார்களாம், ஆயிரம் முள் பறந்து போய் வில்லன் ஆட்களின் நெஞ்சில் குத்துகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கதையில் குழந்தையை ஒளித்து வைத்தாளே, அந்தத் தாய்? அவளை என்ன செய்தார்கள் தெரியுமா? சோதனை என்று சொல்லி நாலு தடியன்கள் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். மூச்சை அளக்கிறோம் என்று புடவையை உருவுகிறார்கள். காமிரா எங்கெல்லாம் போனது என்று சொல்ல வாய் கூசுகிறது. தூ! அவள் பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் நான் என் கையால் எழுதியிருக்கிறேன். என்னையே நடுத்தெருவில் நிறுத்தின மாதிரி இருந்தது. பழைய படத்துக்காரனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் கெடுத்தான். இவன் காலைத் தொட்டு, பக்கம் பக்கமாக ஒப்பித்து, தெரிந்தே இந்த அசிங்கத்தைச் செய்தான். மீசை வைத்தவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

விளக்குப் போட்டார்கள். டைரக்டரைக் காணோம், நழுவிவிட்டான். பக்தவத்சலம்தான் பேப்பரும் பேனாவுமாக வந்தார். "சாயங்காலம் டைட்டில் எடுக்கறோம். அம்மா ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டாங்கன்னா சார் பேரப் போட்டுடலாம்."

"வேணாம்பா" என்றார் என் வீட்டுக்காரர். "பழய மாதிரியே இருக்கட்டும். லோகநாயகின்னே போட்டுடுங்க."

ஒரு நொடி, எனக்கு மரியாதை செய்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். அத்தனை பைத்தியம் நான். அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏங்க, இத்தினி வருசமா இதுக்குத்தான காத்துங்கெடந்தீங்க?" என்றேன்.

"இந்தக் கருமத்துல எம் பேரா? பேக்டரில அத்தினி பேரும் பாப்பாங்க. மானம் பூடும் லோகா."

"அப்ப எம் பேரு?"

"உனுக்கு இன்னா? நீ வூட்ல கீற பொம்பள. ஏதோ பொம்பள எழுதிச்சின்னு உட்டுட்டுப் போவாங்க. உன்ன யாரு வந்து கேக்கப் போறாங்க?"

சர்வ சாதாரணமாகச் சொன்னார். குடையைக் கொஞ்சம் பிடி என்று சொல்வது போல. படம் பார்க்கும்போது வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னை யாரும் கேட்க மாட்டார்களாம்! குழாயடியில் ஒரு மாசம் நான் பட்டது இவர் கண்ணில் படவே இல்லை. யார் பெயரும் வேண்டாம், என் கதையைத் திருப்பிக் கொடு என்று இவர் அந்த மேனேஜர் சட்டையைப் பிடித்திருந்தால் நானும் கூட நின்று பிடித்திருப்பேன். அந்தப் பேச்சு அவர் வாயில் வரவே இல்லை.

"நல்லா வந்திருந்தா உங்க பேரு, நாறிப்போனா எம் பேரா?" என்றேன்.

"மெதுவா பேசு. அவுரு காதுல உழப் போவுது."

"உழட்டும்."

பக்தவத்சலத்திடம் போய்ப் பேனாவை வாங்கினேன். 'இக்கதையை எழுதியவர் என் கணவர் திரு. கஜபதி. நான் அதைப் பார்த்து எழுதினவள் மட்டும். அவர் பெயரையே போடவும். பெயரோடு ஆவடி என்று ஊரையும் போடவும்.' கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் பின்னாலிருந்து, "லோகா, வேணாம், சொன்னாக் கேளு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. அவர் கெஞ்சினால் மேனேஜருக்கு என்ன? கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்துதான் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

படம் வெளியான முதல் நாள், வேண்டுமென்றே ஆவடித் தியேட்டரில்தான் டிக்கெட் எடுத்தேன். அவர் வயிற்றுவலி என்றார். "சோடா குடிங்க, சரியாப் பூடும்" என்று கிளப்பிக் கூட்டிப்போனேன். எங்களுக்குப் பின் வரிசையில் செலின், அவள் புருஷன் ஆரோக்கியசாமி, வயசுக்கு வந்த அவர்கள் பெண்.

'கதை: கஜபதி, ஆவடி.' எழுத்து திரை அகலத்துக்கு விழுந்தது. ஆரோக்கியசாமி எழுந்தே நின்றுவிட்டார். "டேய், நம்ம மெஷின் ஷாப்பு கஜபதிண்ணன்டா! அண்ணாத்தே, நீயாய்யா எழுதன? இத்தினி நாளு சொல்லவே இல்லியே!" கையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். பதினாறு வருஷம் நான் கேட்டது இதுதான். அவர் சீட்டுக்குள் சரிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போக விடவில்லை.

அந்தச் சோதனைக் கட்டம் வந்தது. முன்னால் இருந்த கூட்டம் ஊளையிட்டது. பின்னால் நாற்காலி மடங்குகிற சத்தம் கேட்டது. செலின் தன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போகிறவள், எங்கள் வரிசையில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஏண்ணே, உங்குளுக்கு அக்கா தங்கச்சின்னு யாருமே இல்லியா? எப்டிண்ணே உங்க கை எழுதிச்சி இத?"

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லட்டும் என்று.

"உங்களத்தாங்க கேக்கறாங்க" என்றேன். "சொல்லுங்க."