மூன்றாவது பத்து

அன்று மாலை சவிரிமுத்து வீட்டில் செபமாலை பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கரண்டுக்கும் செபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகுதான் யோசித்தேன். எங்கள் ஃபேனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மஹ்ரிப் தொழுதுவிட்டு, பாயைச் சுருட்டாமல், தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாகக் குந்தியிருந்தேன். சுவரோரமாக ஏன் என்று கேட்கக்கூடாது. அங்கேதான் காற்று வரும்.

இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர் ஒன்றுதான். கல்முனையில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் கடைசி இரண்டு வீடுகள். அவர்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்குச் செபமாலை. அதில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து இருக்கிறது என்பது அவர்களுடைய கோயில் சாமியாருக்குத் தெரிகிற அளவுக்கு எனக்கும் தெரியும். முதல் பத்தைச் சவிரிமுத்து சொல்லுவார், ஆட்டோ ஓட்டி ஓட்டிக் கரகரத்த குரலில். இரண்டாவது அவருடைய மனைவி செலீனா; அடுப்பில் ஏதும் கிடந்தால் அந்தப் பத்து விரைவாக முடியும். மூன்றாவது மகன் ஜெப்றி. நாலாவது மகள் சொனியா, உயர்தரம் படிக்கிறவள், கொட்டாவியோடு. ஐந்தாவது எல்லாரும் சேர்ந்து. ஜெப்றி கட்டாரில் இருந்த இரண்டு வருஷமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவான்; அவனுடைய பத்து ஃபோனுக்குள்ளிருந்து இரைச்சலோடு கேட்கும். யார் வீட்டில் இருக்கிறார்கள், யாருக்குச் சளித் தடிமன், யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் எனக்கு அந்தப் பத்துகளிலிருந்தே விளங்கிவிடும்.

அன்று இரண்டாவது முடிந்தது. பிறகு சத்தமில்லை. சொனியா மெல்லத் தொடங்கினாள். உடனே சவிரிமுத்துவின் குரல்: "அது உன்ட இல்ல."

அதோடு அந்த வீடு வாய்மூடிக் கிடந்தது. எழுந்து போகிற சத்தமில்லை, கதிரை இழுபடுகிற சத்தமில்லை. செபத்தில் ஒரு மணி உருள எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு அத்துப்படி. என் பாட்டில் தஸ்பீஹை உருட்டிப் பார்த்தேன். சரியாகப் பத்தாவது மணியில் சொனியா தன்னுடைய பத்தைத் தொடங்கினாள்.

என் கணவர் அபுல் ஹஸன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு என்னகா, காது சுவத்துக்குள்ளயா இரிக்கி?"

"நான் திக்ர் செய்றன்."

"ஓம், ஓம். அங்கால நிப்பாட்டினாத்தானே நீ தொடங்குவாய்."

அவருக்குப் பகிடி. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பத்து நின்றுபோனதற்குக் காரணம் என்னுடைய வாய்.

அதற்கு முதல் நாள். தை மாதக் கடைசி. கடல் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். தூரத்தில் ஏழெட்டுப் பேர் கரையில் நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேர். நடுவில் நின்றவன் நீட்டுக் கைச் சட்டை, முழு வெள்ளை. மற்ற இரண்டு பேரும் அவனை மல்லாக்கச் சாய்த்துத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்கள். எழும்பி முகத்தைத் துடைத்தபோது பார்த்தால் நம்முடைய ஜெப்றி. இராவு எங்கேயோ குடித்திருப்பான், கூட்டாளிமார் வெறி முறிக்கிறார்கள் என்று நினைத்தேன். கட்டாரில் வேலை போய்த் திரும்பி வந்ததிலிருந்து அவன் முகம் இருண்டுதான் கிடந்தது. அல்லாஹ் மேல் ஆணை, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்படி ஒரு சங்கதி கிடைத்தால் நான் வைத்திருப்பேனா? ஏழரைக்கே சுவரடியில் நின்றேன். செலீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சவிரிமுத்து ஹோஸ் பிடித்து ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார்.

"செலீனா, உங்கட மகனுக்கு என்ன புள்ள? விடிய ரெண்டு பேர் பிடிச்சுக் கடல்ல முக்கி எடுத்தாங்க. தடிமன் வரப்போகுது!"

நான் சிரித்தேன். செலீனாவின் கத்தி மீனுக்குள் நின்றது.

சவிரிமுத்து என்னைப் பார்க்காமல் கேட்டார். "வெள்ளைச் சட்டையா போட்டிருந்தவன்?"

"ஓம். நீட்டுக் கை."

"முழுசா முக்கினவங்களா?"

"தலை மறைய."

ஹோஸ் அவர் கையில் அப்படியே இருந்தது. தண்ணீர் ஆட்டோவில் படாமல் மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழியைப் பார்த்தபோதுதான் நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது. என்ன பிழை என்று அன்று மாலை சுவர் சொன்னது. அவன் மாதாவிடம் செபிக்காத வேறொரு சபையில் சேர்ந்து, புதிதாக ஞானஸ்நானம் எடுத்திருக்கிறான்.

"ஆறு கிழமைப் பிள்ளையா உன்னைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு நான் கோயிலுக்குப் போன. அதில என்னடா குறை?" சவிரிமுத்து கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

"குறை எண்டு நான் சொல்லல்ல அப்பா. எனக்கு அது ஞாபகமில்ல. அவ்வளவுதான்."

"எனக்கு ஞாபகமிருக்கு."

சவிரிமுத்து செபமாலையைக் கையில் எடுக்கிற மணிச் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப உன்ட பத்தை இனி நீ சொல்ல மாட்டாய்?"

"மாட்டன் அப்பா. சொன்னாப் பொய்யாப் போயிடும்."

அடுத்த நாள் விடிய அவன் மோட்டார் சைக்கிளில் உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டு போனான். காரைதீவில், பஜார் ஃபோன் கடையில் கூட வேலை செய்கிறவன் ஒருத்தனுடைய அறைக்கு. போ என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அன்று மாலைதான் அந்த மூன்றாவது பத்து முதன்முதலில் வெறுமையாய் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்.

அந்தக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றி, பாயும் இடியப்பப் பெட்டியும் மீன் குழம்புச் சட்டியுமாக ஆட்டோவில் ஏறுவார்கள். பெண்கள் இருவரும் பின்னால். ஜெப்றி மட்டும் முன்னால், தகப்பனுடைய சீட்டின் ஓரத்தில் பாதி இருப்பும் பாதி தொங்கலுமாக. ஆறு வயதில் பிடித்த இடம். இருபத்தாறு வயதிலும் விடவில்லை. பொலிஸ் பிடிக்கும் என்று நான் பத்து வருஷமாகச் சொல்கிறேன். கடற்கரை எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில்தான் இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிஷம். இதற்கு எதற்கு ஆட்டோ? ஆனால் ஆட்டோவில் போனால்தான் அவர்களுக்குப் பயணம். அங்கே போய் சவிரிமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் மிதப்பார், வள்ளம் கவிழ்ந்த மாதிரி. ஜெப்றி முங்கிப் போய் அவர் காலைப் பிடித்து இழுப்பான். செலீனா கரையில் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கள் பின்வாசல் வரை வரும். இருக்கிறது ஒரு ஆட்டோ, கூரையில் இரண்டு ஒழுக்கு. இவ்வளவு சிரிப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். எரிச்சல்பட்டாலும் பார்க்காமல் இருந்ததில்லை.

இப்போதும் போகிறார்கள். மூன்று பேராக. ஒரு ஞாயிறு பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாய் விரித்திருந்தது. இடியப்பம் இருந்தது. சவிரிமுத்து கால்களைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருந்தார். அலை ஒன்று நீண்டு வந்தபோது காலை இழுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒரே கிழமையில் பிறந்தன. அவர்கள் நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்த அடுத்த நாள் எங்களுக்குத் தலைநோன்பு. நான் பழக்கதோஷத்தில் மாட்டிறைச்சி போட்ட கஞ்சியைச் சுவருக்கு மேலால் நீட்டிவிட்டேன். செலீனா வாங்கி, மணந்து பார்த்து, "நாங்க இப்ப இறைச்சி தின்றல்லயே ஸாலிஹாக்கா" என்றாள். அன்றிலிருந்து அவர்களுக்கென்று தனிச் சட்டி. நோன்பில் புறம் பேசினால் நோன்பின் நன்மை போய்விடும் என்பார்கள். இந்த வருஷம் நான் பேசவில்லை. பேசியதே போதும் என்றிருந்தது.

பத்தாம் நோன்பன்று பஜாருக்குப் போனேன். என் ஃபோனுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு ஜெப்றி வேலை செய்கிற ஃபோன் கடைக்குப் போனேன். அவன் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு என்ன மாமி?"

"சத்தம் காணாது."

அழுத்தினான். கடை முழுக்க அலறியது. சிரிக்காமல் என்னைப் பார்த்தான். மெலிந்திருந்தான்; ஆனால் முகத்தில் பழைய இருட்டு இல்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

"மனே, நான்தான் உன்ட வாப்பாட்டச் சொன்ன."

"தெரியும் மாமி. நம்மட ஒழுங்கையில வேற ஆரு?" இப்போது சிரித்தான். "நானே சொல்லத்தான் இருந்த. அந்த ஞாயிறு, கடலுக்குள்ள வெச்சு. தண்ணிக்குள்ள நிக்கக்க அப்பாக்குக் கோபம் வராது."

இரண்டு நாள் நான் பொறுத்திருந்தால் அது நடந்திருக்கும்.

"என்ன மனே குறை உங்கட கோயில்ல?"

"ஒரு குறையுமில்ல. கட்டார்ல வேலை போன கிழமை, ரூமில எட்டுப் பேர். ஒருத்தன் என்ட தலையில கை வெச்சுச் செபிச்சான். என்ட பேரைச் சொல்லி. அண்டைக்குத்தான் நான் அழுத. அதை நான் இல்லையெண்டு சொல்ல ஏலுமா?"

"ஏலாதுதான்."

ஃபோனைத் துடைத்துத் தந்தான். நான் எழும்பவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தேன்.

"உன்ட பத்தை அங்க ஒருத்தரும் சொல்றல்ல, தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். "சொனியா சொல்லுவாளே?"

"விட்டாத்தானே. அந்த நேரம் வரக்க எல்லாரும் சும்மா இருக்காங்க. பத்து மணி உருட்டுற நேரத்தையும் விட்டுப்போட்டுத்தான் மத்தது."

"ஆரு, அப்பாவா?"

"வேற ஆரு?"

அவன் மேசையில் கிடந்த சின்னத் திருகாணி ஒன்றை விரலால் இங்குமங்கும் உருட்டினான். "எனக்கு அதைச் சொல்ல ஏலாது மாமி," என்றான். கேட்டுக்கொண்டிருந்தது நான், ஆனால் அவன் சொன்னது எனக்கல்ல.

அதற்குப் பிறகு நாலு நாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றமில்லை. ஐந்தாம் நாள் நோன்பு திறந்து, இறைச்சி போடாத கஞ்சியை செலீனாவிடம் நீட்டினேன். கண் வீங்கியிருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஸாலிஹா கேட்காமல் வந்தாள் என்று சொன்னால் ஒழுங்கையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தொழுதேன். கொடியில் உடுப்பு எடுக்கவேண்டும் என்று கொல்லைக்குப் போனேன், கையில் தஸ்பீஹோடு. ஏழு மணி. சவிரிமுத்துவின் பத்து முடிந்தது. செலீனாவின் பத்து அன்று மெதுவாகப் போனது.

அது முடிகிற நேரம் ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கேற்றுக்குச் சற்றுத் தள்ளியே எஞ்சின் நின்றது. தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். கேற் கொண்டி மெல்ல விழுகிற சத்தம். சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஜெப்றி. வாசல் வரை போனான். உள்ளே மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிற வெளிச்சம் அவன் பாதத்தில் விழுந்தது. செருப்பைக் கழற்றினான். பிறகு திரும்பி, முற்றத்தில் நின்ற ஆட்டோவுக்கு வந்து முன் சீட்டில் ஏறினான். நடுவில் இருக்கவில்லை. அவனுடைய ஓரத்தில், பாதி இருப்பும் பாதி தொங்கலுமாக. பாரம் விழுந்து ஆட்டோ ஒருமுறை முனகியது. அந்த முனகல் வீட்டுக்குள் கேட்காமல் இராது. முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிற மனிசன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவனும் வாய் திறக்கவில்லை; தலை குனிந்திருந்தது, உதடு அசைந்ததா என்று அந்த மங்கலில் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஓட்டுகிறவருக்கு வேண்டிய இடம் அப்படியே கிடந்தது. கடல் மட்டும் தன் பாட்டில் வந்து வந்து போனது. நான் மணியை உருட்டினேன். எட்டு. ஒன்பது. பத்து.

நாலாவதைத் தொடங்க சொனியா மூச்சை இழுப்பது கேட்டது. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. அவள் கையை யாரோ பிடித்திருக்க வேண்டும்.

பதினொன்று.

உள்ளே கதிரை ஒன்று மெல்லப் பின்னால் நகர்ந்தது. வாசலில் விழுந்துகிடந்த மெழுகுதிரி வெளிச்சத்தை ஒரு நிழல் வந்து மறைத்தது.

பன்னிரண்டு.