தோட்டம் பேசியாச்சு

அனுமந்தன்பட்டி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒச்சாண்டியின் டீக்கடையில் காலை வேளைகளில் இரண்டு செய்திகள் ஓடும். ஒன்று சுவரில் மாட்டிய டிவியில். இன்னொன்று அதற்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இனியனின் வாயில். டிவியையாவது நிறுத்தலாம்.

"ஆயிரக்கணக்குல ஆளைத் தூக்கிட்டானாம்ல, அமெரிக்காக் கம்பெனி ஒண்ணு?" என்று டீயை ஆற்றிக்கொண்டே ஒச்சாண்டி கொளுத்திப் போட்டார்.

"தூக்குனான். அந்தக் கையோட லாபம் கூடிருச்சுன்னு அறிக்கையும் விட்டான். நட்டத்துல ஆளைக் குறைச்சா ஒரு நியாயம் இருக்கு. இவன் லாபத்தைக் கூட்டிக் காட்டுறதுக்குன்னே குறைக்கிறான். கேட்டா ஏஐ வந்துருச்சும்பான்."

"அந்த ஏஐ டீ போடுமா?"

"போடாது. ஆனா உங்க டீ நல்லா இல்லன்னு பத்துப் பக்கத்துக்கு எழுதும்."

"அதைத்தான் நீ தெனமும் ஓசில சொல்றயே. எனக்கு எதுக்கு இன்னொண்ணு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இனியனும் சிரித்தான். பிறகு அவனாகவே விசாக் கட்டணத்துக்குப் போனான். அங்கிருந்து, கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்த தகவல் மையங்கள் குடிக்கிற தண்ணீருக்கு வந்தான். "அதுல ஒண்ணை இங்கன கொண்டாந்து வச்சான்னா, முல்லையாத்துத் தண்ணி கம்பம் ஊரைத் தாண்டாது பாத்துக்கங்க." யாரும் மறுத்துப் பேசவில்லை. சாப்ட்வேர் ஆள் சொல்கிறான், பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், தெரியாமலா சொல்வான்?

அந்தக் கம்பெனியை அவன் விட்டு மாசக்கணக்காகிறது. அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்தில் விழித்திருக்கிற வேலை. ஒரு நாள் விடியற்காலை, மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் ஏறியவன் திரும்பிப் போகவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, இனி வீட்டிலிருந்துதான் வேலை என்று சொன்னான். சொன்ன பொய்க்கு மாடியறைக் கதவைச் சாத்திக் காவல் இருந்தான். தூக்கம் மட்டும் பழைய வேலையிலேயே நின்றுவிட்டது. இரவில் வராது, பகலில் வந்தால் கதவுக்கு வெளியே அம்மா, "புள்ள வேலை பாக்குறான், சத்தம் போடாதீக" என்று யாரையாவது அதட்டுவது கேட்கும். அதோடு அதுவும் போய்விடும்.

இப்போது ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கனிவாசல் என்று ஒரு கம்பெனி. விவசாயி பழத்தைப் படம் பிடித்து அதன் செயலியில் ஏற்றினால், அவர்களே விலை பேசி, ஆள் விட்டு வெட்டி, வண்டியில் ஏற்றிப் போவார்கள். நேற்று கடைசிச் சுற்று நேர்காணல். மேலாளர் தன்மையானவர். பகல் வேலை என்று அவர் சொன்னபோது இனியனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராவில் தெரியக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"பழம் வாங்குவதைத் தெற்கே நிறுத்திவிட்டோம். வண்டிகளைத் திருப்பி அழைத்தாயிற்று" என்றும் அவர் சொன்னார். "இனிமேல் மென்பொருள் மட்டும்தான் விற்கப் போகிறோம். அதை எழுதத்தான் நீங்கள். விவசாயிகளுக்கு இன்னும் அறிவிக்கவில்லை. இது உங்களோடு இருக்கட்டும். திங்கட்கிழமை வேலைக் கடிதம் வந்துவிடும்."

இருக்கட்டும் என்று அவனும் தலையாட்டினான்.

டீயைக் குடித்து முடிக்கும்போது பாண்டீஸ்வரன் பைக்கை நிறுத்தினார். இனியனின் அக்கா வேல்விழியின் கணவர். ராயப்பன்பட்டி போகிற வழியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மாப்ள, வியாழக்கிழமை வெட்டு. கனிவாசல்ல பச்சை டிக் போட்டுட்டாக."

இனியனின் கையில் தம்ளர் நின்றது. மாமா எந்தக் கம்பெனிக்குப் பேசியிருக்கிறார் என்று அவன் இதுவரை கேட்டதே இல்லை. கடை முழுக்க அவன் வாயைப் பார்த்தது. ஒரு கம்பெனியின் பேர் காதில் விழுந்தும் அவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பது புதுசு.

"வருவாகளா மாமா?" என்றான் ஒருவழியாக.

"வராம? நீ டீயைக் குடி."

மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மாமாவுக்கு வாட்ஸப்பில் எழுதினான், அழித்தான். மறுபடி எழுதினான். ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை பாதி காணாமல் போயிருந்தது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் பந்தலில் பழம் கறுத்துச் சர்க்கரை ஏறி நிற்கிறது. ஒரு பாட்டம் மழை விழுந்தால் வெடித்துவிடும். வெடித்த பழத்துக்கு ஈயைத் தவிர ஆள் வராது. கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்தான். லேப்டாப்பைத் திறந்து, நேர்காணல் முடிந்ததும் அந்த மேலாளர் அனுப்பியிருந்த மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தான். பிறகு அப்பாவின் மொபட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பந்தலுக்கடியில் அக்காவும் மாமாவும் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே குலைகள் தொங்கின.

"மாமா, அந்தக் கம்பெனி வராது. இன்னைக்கே வேற வியாபாரியை விட்டு வெட்டிருங்க."

பாண்டீஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "ஆரம்பிச்சுட்டான். ஏலே, உங்க அக்கா போன்ல மிக்ஸிக்கு ஆர்டர் போட்டப்ப என்ன சொன்ன? வெறும் டப்பாதான் வரும்ன. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. இன்னும் ஓடுது" என்றாள் வேல்விழி.

"செல்பி எடுத்தா மூஞ்சியைத் திருடி வித்துருவான்ன. அதைக் கேட்டு இவ ஒரு மாசம் போன் முன்னால சிரிக்கவே இல்ல."

"உங்க மூஞ்சியைப் பாத்துட்டு வந்தா எங்கிட்டுச் சிரிக்க?"

"அதெல்லாம் கருத்து மாமா" என்றான் இனியன். குரல் உயர்ந்துவிட்டது. "இது கருத்து இல்ல. எனக்குத் தெரியும்."

"எல்லாக் கம்பெனியையும் இப்படித்தானடா சொல்ற. எதை நம்ப, எதை விட?"

காலையில் தகவல் மையத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொல்ல வேண்டியிருந்தது. வேறு குரல் அவனிடம் கிடையாது.

"ஒரு பிரெண்டு சொன்னான்."

"யாரு? போனைப் போடு, நான் பேசுறேன்" என்றாள் வேல்விழி. சின்ன வயசிலிருந்தே அவன் பொய்யை எந்த இடத்தில் பிடிக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

அவன் பந்தலைத் தாங்கிய கல்லில் சாய்ந்தான். "பிரெண்டு இல்லக்கா. நானே அங்க வேலை கேட்டுப் போனேன். நேத்து இன்டர்வியூ. மேனேஜரே சொன்னாரு, இங்கன பழம் எடுக்கிறதை நிறுத்தியாச்சுன்னு."

"உனக்குத்தான் வேலை இருக்கே?"

"இல்ல. எப்பவோ விட்டாச்சு."

வேல்விழி கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். "அப்ப தெனமும் கதவைச் சாத்திக்கிட்டு?"

"சும்மாதான் இருந்தேன்."

"உள்ள புள்ள வேலை பாக்குறான்னு, மாடில கடலை காயப்போட வந்த அம்மாகூட நான் சண்டை போட்டிருக்கேன்டா. நாயே."

பாண்டீஸ்வரன் திட்டவில்லை. அதுதான் இனியனுக்குத் தாங்கவில்லை. "தெனமும் டீக்கடைல கிழிக்கிற. அதே மாதிரிக் கம்பெனில போயா வேலை கேட்ட?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"திட்டுறது வேற மாமா. சாப்பிடணும்ல."

அவர் தலைக்கு மேலே குலைகளைப் பார்த்தார், மேற்கே மேகத்தைப் பார்த்தார். இப்போது நம்பிவிட்டார். மானம் போகிற விஷயத்தை எவனும் பொய்யாகச் சொல்லமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வெளில சொல்லிராதீக மாமா. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அந்த வேலை போயிரும்."

"யார்ட்டச் சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டு விஜய்ராஜுக்குப் போன் போட்டார்.

விஜய்ராஜ் உத்தமபாளையத்துத் திராட்சை வியாபாரி. கேரளாவுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு முடிந்த கையோடு, வேனில் ஆட்களை வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். குலைகளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. ஆனால் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"பேசுன தோட்டமாச்சேப்பா. முறிச்சிட்டீகளா?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு தோட்டம் விலை பேசியாச்சென்றால் அந்த வெள்ளாமைக்கு வேறு வியாபாரி உள்ளே கால் வைக்கமாட்டான். முறிக்க வேண்டுமானால் பேசியவனிடமே காரணத்தைச் சொல்லி முறிக்க வேண்டும். காரணம் சொல்லாமல் முறித்தவன் தோட்டத்துக்கு மறு வெள்ளாமைக்கு ஆள் வராது.

"செயலியில கேன்சல்னு ஒரு பட்டன் இருக்குண்ணே. அமுக்குனா முடிஞ்சுபோச்சு" என்றான் இனியன்.

"பட்டனை அமுக்குனா பேச்சு முறிஞ்சிருமா தம்பி? நாளைக்கு எனக்கும் இவர் பட்டனை அமுக்கமாட்டார்னு என்ன இருக்கு?"

"அண்ணன் சொல்றது சரிதான்" என்று பாண்டீஸ்வரன் கம்பெனியின் எண்ணை அழுத்தி, விஜய்ராஜுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மழைன்னு சொல்லுங்க மாமா" என்று இனியன் கிசுகிசுத்தான்.

"வணக்கம், கனிவாசலுக்கு உங்களை வரவேற்கிறோம். நான் பவானி பேசுகிறேன்" என்றது ஒரு பெண் குரல், எழுதிவைத்ததைப் படிக்கிற தமிழில்.

"அம்மா, தோட்டத்துப் பேச்சை முறிக்கணும். மழை வர்ற மாதிரி இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் பழம் தாங்காது."

"கவலைப்படாதீர்கள் சார். மழை வாய்ப்பு இருந்தால் எங்கள் குழு முன்கூட்டியே வந்து அறுவடை செய்துவிடும். உங்கள் அறுவடை உறுதி செய்யப்பட்டுள்ளது."

விஜய்ராஜ் கையை விரித்தார். "முன்னாடியே வர்றோம்ங்காகளே. பேச்சு நிக்குதே. நான் எப்படி இறங்க?"

பாண்டீஸ்வரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இனியனைப் பார்த்தார். சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கில் அவர் நின்றார். மேற்கே ஒரு உறுமல் கேட்டது. பழம் வெட்டும் பெண்கள் வேனிலிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்கள்.

இனியனுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஒரு முறை ஓடி வந்தவன்தான். அந்த பஸ் ஏறிய சுகம் ஊர் எல்லை வரைக்கும்கூட நிற்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். மாமாவின் கையிலிருந்து போனை வாங்கினான்.

"மேடம், என் பேரு இனியன். உங்க கம்பெனில டெவலப்பர் வேலைக்கு நேத்துக் கடைசி இன்டர்வியூ முடிச்சேன். தெற்கே பழம் எடுக்கிறதை நிறுத்திட்டீங்கன்னு உங்க மேனேஜர் சொன்னாரு. வண்டியெல்லாம் திரும்பிப் போயாச்சாம். அதனாலதான் முறிக்கிறோம். இதுதான் காரணம்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"கேன்சல் போட்டுட்டேன் சார்" என்றாள் கடைசியில்.

"முறிஞ்சிருச்சு" என்று விஜய்ராஜ் வேலியைத் தாண்டினார். "இறங்குங்கத்தா, வெரசா." பெண்கள் கத்திரியோடு பந்தலுக்குள் ஓடினார்கள். பாண்டீஸ்வரன் பின்னாலேயே ஓடினார். வேல்விழி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினாள். போகிற போக்கில் தம்பியின் தோளை இடித்துவிட்டுப் போனாள்.

இனியன் இணைப்பைத் துண்டிக்கப் போனான்.

"அண்ணே, வச்சிராதீக." எழுதிவைத்த தமிழ் போய்விட்டிருந்தது. "நான் தேனிதான். இங்கன ஆபீஸ்ல நாங்க ஒரு அறை நிறையப் பொம்பளப் பிள்ளைக இருக்கோம். தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பேசுறதே நாங்கதான். பழம் எடுக்கலேன்னா எங்களை என்ன செய்வாகளாம்? அதைப் பத்தி எதுவும் சொன்னாகளா?"

"சொல்லலம்மா."

"கேட்டீகளா?"

கேட்கவில்லை. பகல் வேலை என்றதும் அவன் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

"இந்தக் கால் ரெக்கார்டு ஆகுதுண்ணே. உங்க வேலை போச்சு."

"தெரியும்."

"நீங்க படிச்சவுக. நாங்க இப்ப வேற வேலை பாக்குறதா, இல்ல அவுகளா சொல்லட்டும்னு இருக்கிறதா? இப்படிக் கம்பெனியெல்லாம் கடைசில என்னதான் பண்ணுவாக? உங்களுக்கு என்ன தோணுது?"

பெரிய துளி ஒன்று இலையில் விழுந்தது. பந்தலுக்குள்ளிருந்து, "மாப்ள, பெட்டியைத் தூக்க ஆள் இல்ல, வாடா!" என்று பாண்டீஸ்வரன் கத்தினார். இனியன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காலிப் பெட்டி இரண்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். பவானி காத்திருந்தாள்.

"வேற வேலை பாருங்கம்மா" என்றான். "இன்னைக்கே."