அச்சில் இல்லாத பாராட்டு

பகலில் தறி, சாயங்காலம் சினிமா விமரிசனம். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு நான் புனைபெயரில் எழுதுவது பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் மாமனார் மானத்தை வாங்கிவிடுவார்.

போன வருஷம், எழுபத்து மூன்றில், ஒரு உழவன் படத்தை நார் நாராகக் கிழித்திருந்தேன். மடையை அடைத்த பண்ணையாரையும் அவருடைய பதினெட்டு அடியாட்களையும் ஒரே ஆள் அரிவாளால் சாய்க்கிறான். 'வரிசையில் நின்று ஒவ்வொருவராக வெட்டு வாங்கிக்கொள்கிற அடியாட்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தேன். அந்த வரியில் எனக்கு ஏகப் பெருமை.

பத்திரிகை வந்த அன்று கலியன் வந்தான். ஏனாத்தூரிலிருந்து எங்கள் தெருவுக்குக் கத்திரிக்காய் கொண்டுவருகிறவன். மேல்வயல்காரர் ஏரித் தண்ணீரை மறித்துவிட்டதால் இரண்டு வருஷமாக அவன் நாற்று கருகிக்கொண்டிருந்தது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனுவெல்லாம் நான்தான் எழுதித் தருவேன். ஒன்றுக்கும் பலனில்லை. அந்தப் படத்தை மட்டும் நான்கு தடவை பார்த்திருந்தான்.

தறிக்குழிக்கு எதிரில் குந்திக்கொண்டு, பத்திரிகையில் இருந்த அந்தப் படத்தின் போட்டோவைக் காட்டிக் கேட்டான்:

"அவன் பண்ணது சரின்னு பேப்பர்ல போட்டுருக்குறானா, மொதலியாரே?"

அவன் கேட்டது படத்தைப் பற்றி அல்ல என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் பார்த்தது அவன் முகத்தில் இருந்த ஆசையை மட்டும்தான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, உழவன் செய்தது நூற்றுக்கு நூறு நியாயம் என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னான். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகவே வந்தது.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு போய் மேல்வயல்காரர் போட்டிருந்த அணையை வெட்டினான். நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் ஒன்றாகவே வந்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கலியன் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி காந்தா வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கடிதம் எழுதித் தரவேண்டுமாம். யாருக்கு என்றேன்.

"அந்தப் பேப்பர்ல எழுதுனவருக்குத்தான். பேப்பர்லயே சரின்னு போட்டுட்டாங்க, இனிமே என்னா பயம்னு சோறு துன்னும்போதுகூட எங்கூட்டுக்காரரு சொல்லிக்கினே இருந்தாரு. நடந்தத எழுதிப்போட்டா அவரு நமக்காக நாலு வரி எழுதுவாரு. நல்ல மனுசரு."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நான் கோழை. என் வீரமெல்லாம் எழுத்தில்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அடியில் கைநாட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் பத்திரிகை ஆபீசிலிருந்து அந்தக் கடிதம் எனக்கே வந்தது. அவளுக்காக எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நான் வந்து நிற்கிறேன், கிழித்துப் போடுகிறேன்.

வாரா வாரம் காந்தா வந்து பதில் வந்ததா என்று கேட்கிறாள். வரவில்லை என்கிறேன்.

"பெரிய மனுசரு, எவ்ளோ வேலையோ" என்று அவருக்காக அவளே சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறாள்.