கூட வந்தவரிடம் சொல்லியாயிற்று

ரிபாயி சோற்றில் கை வைத்திருந்தான். அந்த வீட்டில் அவன் சாப்பிடும்போது யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை. ஜரினா கேட்டாள்.

“அண்ணே, ரெண்டு வருசத்துக்கு முந்தி டாக்டரு உன்கிட்ட என்ன சொன்னாரு?”

திருநெல்வேலி பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், உம்மா ஆமினாளைக் கையில் பிடித்தபடி நேரே அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆமினாளுக்கு வயது ஐம்பத்தெட்டுதான். மறதி பிடித்து ஒன்பது வருடமாகிறது.

“ஏட்டி, சாப்புடுத நேரத்துல என்ன கேள்வி இது? மாத்திரைய நிறுத்தாமக் குடுக்கச் சொன்னாரு. அப்பவே சொன்னேன்லா.”

ஆமினாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தப் பெரிய மனுசன் யாரு? அவருக்குக் கறி வச்சீங்களா?”

“உன் மவன்தான் உம்மா. அவன் நல்லாத்தான் சாப்புடுதான்,” என்றாள் ஜரினா.

இந்த ஒன்பது வருடமும் உம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தெருவில் இறங்கிப் போனால் தேடிப் பிடித்து வந்தவள் அவள். புருஷன் மவுத்தான பிறகு விசைத்தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மட்டும் ரிபாயி வந்தான். ஆம்பளையாள் வந்திருக்கிறார் என்றதும் டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார். உம்மா எழுந்து ஓடிவிடாதபடி ஜரினா வெளியே பெஞ்சில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்று அங்கே புதிதாக வந்திருந்த ஆலோசகர் அம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, “உங்க அண்ணன் வீட்டுல சொல்லலியா?” என்று கேட்டார். ‘கூட வந்தவரிடம் சொல்லியாயிற்று’ என்று அதில் எழுதியிருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். இது ஆமினாளின் வம்சத்தில் இறங்குகிற மறதி. ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு இல்லை என்றால் இன்னொரு பிள்ளைக்கும் இல்லை என்று ஆகாது. பரிசோதித்துப் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். அது அவரவர் விருப்பம். “உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்மா. தப்பு எங்க மேலயும் இருக்கு,” என்றார்.

ரிபாயி கையை உதறிக்கொண்டு எழுந்தான். “உன்ட்ட சொல்லி என்னட்டி ஆவப்போவுது? பயந்தே செத்துருவ. அதான் சொல்லல.”

“நீ பாத்துக்கிட்டியா?”

அவன் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

“பாத்தேன். எனக்கு இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் ஜரினா. உண்மையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் மற்றது உறைத்தது.

அவள் மகள் அஃப்ரோஸ், பிறந்த அன்றே ரிபாயியின் மகன் முகம்மது சாதிக்குக்கு என்று பேசி வைத்த பெண். இரண்டு வருடத்துக்கு முன், சொந்தத்தில் முடித்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி ரிபாயி நிறுத்தினான். தெருவே அவனை மெச்சியது. நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும்படி பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டார்கள். ஆறே மாதத்தில் தன் பெண்டாட்டியின் அண்ணன் மகளைச் சாதிக்குக்கு முடித்தான். அதுவும் சொந்தம்தான். தன் இல்லாமைதான் காரணம் என்று அன்று ஜரினா அழுது ஓய்ந்தாள்.

“எம் மவள இதுக்குத்தான தள்ளுன?”

“யாரு தள்ளுனா? கடையநல்லூர்ல கபீரு மாதிரி நல்ல மாப்பிள பாத்துக் குடுத்திருக்கேன்லா? அங்கன பேச வேண்டியத நான் பேசியாச்சு. நிக்காஹ் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. நான் சொல்லாம இருந்ததுனாலதான் உம் மவளுக்கு மாப்பிளயே வந்திருக்கு.”

“அப்ப நான் உன் கால்ல விழணுமோ?”

நிக்காஹுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அஃப்ரோஸை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் மறைத்ததையும் சொன்னாள்.

“எனக்கும் வருமா உம்மா?”

“எனக்கு இருந்தாத்தான் உனக்கு வரும். எனக்கு இருக்கான்னு எனக்கே தெரியாது மக்கா.”

“அவங்ககிட்ட நான் சொல்லவா?”

“உன் இஷ்டம். சொல்ல வேண்டாம்னாலும் உன் இஷ்டம்தான். மாமாவ நான் பாத்துக்கிடுதேன்.”

அஃப்ரோஸ் கபீருக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டே பேசினாள். கபீர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இதுக்கா இவ்வளவு? வேற யாருக்கும் இந்த மறதி வருமான்னு எங்க வாப்பா பொண்ணு பேசயிலயே கேட்டாவளே. யாருக்கும் இல்லன்னு உங்க மாமா டெஸ்ட் எடுத்த பேப்பரே காட்டினாவ.”

“பேப்பர்ல யாரு பேரு இருந்துச்சு?”

“மாமா பேருதான். வீட்டு ஆம்பளைக்கு இல்லன்னா வீட்டுக்கே இல்லன்னு வாப்பா சொன்னாவ.”

ஜரினா போன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மறைத்தது போதாதென்று, அண்ணன் தன் ரத்தத்தைக் காட்டி இவர்களுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

அஃப்ரோஸ் விடவில்லை. “அது மாமாவோட ரத்தம். எங்க உம்மாவோடதையும் என்னோடதையும் இன்னும் யாரும் பாக்கல. பாக்கணுமா வேண்டாமான்னு நாங்கதான் சொல்லணும். இது தெரிஞ்சு கட்டுறதுன்னா கட்டுங்க.”

 கபீர், “இரு, வாப்பாட்ட சொல்லுதேன். அவங்க உங்க மாமாகிட்ட பேசிக்கிடட்டும்,” என்றான்.

ஜரினா மகளின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“மாமாகிட்ட எதுக்கு மாப்பிள? வாப்பாட்ட போனக் குடுங்க. நான் பேசுதேன்.”