நேர்கோட்டில் ஒரு கிணறு

லெமுவேல் ஸ்ட்ரௌடின் கிணறு அறுபது அடி. கான்சாஸில் எங்கள் பக்கம் அரசு அளவைக்காரர்கள் வருவதற்கு முன்பே தோண்டியது. கீழே அவர் வெட்டினார், மேலே நான் வாளி இழுத்தேன். அதுவரை மூன்று வருஷம் அவர் மனைவி கெசையா இரண்டு மைல் நடந்து ஓடைத் தண்ணீர் சுமந்தாள்.

பிறகு அளவைக்காரர்கள் வந்து மைலுக்கொரு கோடு போட்டு, மூலைக்கு மூலை கட்டை அடித்துப் போனார்கள். ஸ்ட்ரௌடின் மூலைக்கட்டை புல்வெளித் தீயில் எரிந்துபோனது. கோடு தன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் என்று கண்ணளவில் நம்பினார். கவுண்டி கமிஷனராக, எங்கள் வட்டார நிர்வாகியாகத் தேர்வானதும், ரோடெல்லாம் கோட்டின் மேல்தான், யாருக்காகவும் வளையாது என்று சட்டம் போட்டார். முதலில் இடிபட்டது, கோட்டின் மேல் நின்ற எங்கள் பக்கத்து ஜூபல் ஹாட்சின் மாட்டுக்கொட்டகை.

அக்டோபரில் ரோட்டுவேலை ஸ்ட்ரௌட் நிலத்துக்கு வந்தது. ஆளுக்கு வருஷம் இரண்டு நாள் கட்டாய உழைப்பு. ஹாட்சும் மண்வெட்டியோடு வந்திருந்தான். அளவைக்காரன் அடுத்த மூலைக்கட்டையிலிருந்து அளவுச் சங்கிலி பிடித்து வந்தான். முளை கிணற்றை ஒட்டி இறங்கியது. ரோட்டின் நடு அதுதான், கிணற்றை மூடியாக வேண்டும்.

"இருபதடி தள்ளி அடிச்சிடறேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அளவைக்காரன் மெதுவாக.

"எனக்குத் தெரியும்ல," என்றான் ஹாட்ச். "என் மாடுங்களுக்கும் தெரியும். கமிஷனர் ஐயா, கோடு இன்னிக்கு வளையுமா?"

அடுத்த மாதம் தேர்தல். ஸ்ட்ரௌட் மனைவியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் கெசையா. "எனக்குத்தான் ஓட்டே கிடையாதே. இருந்தாலும் உங்களுக்குப் போட மாட்டேன்."

வீட்டுக்குள் போய்ப் பீப்பாய், தொட்டி, வெண்ணெய் கடையும் மரக்குடம் வரை எடுத்து வந்து வைத்தாள். எல்லாம் நிறையும்வரை நானும் ஸ்ட்ரௌடும் இறைத்தோம். இரண்டு மணி நேரம். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு உருளையைக் கழற்றி வைத்துவிட்டு, கிணற்றுக்குள் முதல் மண்ணை அவரே தள்ளினார். விழுந்த சத்தம் கேட்கச் சற்று நேரமானது.

தேர்தலில் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். கெசையா மறுபடி ஓடைக்கு நடந்தாள். புது ரோட்டில் நடந்தாள், தூரம் அதேதான்.

மார்ச்சில் பனி விட்டு நிலம் இளகியதும் வீட்டுக்கு மேற்கே தோண்ட ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் ஹாட்ச் தன் கயிற்றோடு வந்து நின்றான்.

"என்னடா, மூடறதுக்கா வந்தே?" என்றேன்.

"வாளியைப் புடி. பேச்சு அப்புறம். போன தடவை என் ஓட்டு எதிராளிக்குத்தான் போட்டேன், அடுத்த தடவையும் அப்படித்தான்."

"போடுய்யா, உன் இஷ்டம்," என்று குழிக்குள்ளிருந்து ஸ்ட்ரௌடின் குரல் வந்தது. "இப்ப கயித்தை விடு."

எழுபத்திரண்டாவது அடியில் தண்ணீர் வந்தது. லேசான உப்பு. கெசையா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஓடைக்கு இது தேவலை," என்றாள்.