குட்டை நாற்காலி

முதலில் நாற்காலிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வருவது விளங்காது.

எங்கள் அப்பா தச்சர். வீட்டின் பின்பக்கம்தான் பட்டறை. சாப்பாட்டு மேசையும் அதைச் சுற்றியிருந்த ஐந்து நாற்காலிகளும் அவர் கையால் செய்தவை. நான்கு நாற்காலிகள் ஒரே உயரம். ஐந்தாவதற்கு வந்தபோது மரம் போதவில்லை. கால்கள் நான்கு விரல் குட்டையாகப் போய்விட்டன. அதில் உட்கார்ந்தால் மேசை நெஞ்சுக்கு வரும்.

"ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்றீங்க. சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டீங்களே" என்று அம்மா கேலி செய்தாள்.

அப்பா அதற்கு ஈடாக ஒரு சட்டம் போட்டார். குட்டை நாற்காலியில் உட்கார்ந்து யார் பேசினாலும், அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. ஆகவே மனக்குறை உள்ளவர்கள் அதில் போய் உட்காருவோம். மற்ற நாட்களில் அது காலியாக இருக்கும். நாங்கள் நால்வரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா அதில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் பேசினால் கேட்க அப்போது மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். இது வெகுநாள் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். பொருள் எழுதச் சொன்னால் சமமின்மை, வேற்றுமை, உயர்வு தாழ்வு என்று வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவேன். வீட்டில் அந்தச் சொற்களுக்கு வேலை இல்லை. எனக்குக் கிழிந்த போர்வையும் அண்ணனுக்குப் புதுப் போர்வையும் வந்தால், அது ஓரவஞ்சனை. பந்தயத்தில் நடுவர் மேல் கோபம் வந்தால் அண்ணன் பாரபட்சம் என்பான். அப்பாவுக்கு எல்லாமே தொழில்தான். எங்கே அநியாயம் நடந்தாலும், "மட்டம் சரியில்ல" என்பார்.

அந்த வருடம் அண்ணனும் அக்காவும் ஒன்றாகப் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். அண்ணன் ஒரு வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்ததால் அக்கா அவனை எட்டிப் பிடித்திருந்தாள். கட்டட வரைபடம் கற்றுத்தரும் கல்லூரியில் இருவருக்குமே இடம் கிடைத்தது. கல்லூரி வெளியூரில். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார் அப்பா. யாரை என்று கேட்பதற்குள் அண்ணனுக்குப் பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை அக்கா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவனை விட எனக்கு மார்க் அதிகம். பட்டறையில பாதி அளவு நான்தான் குறிச்சுத் தரேன். அவன் போறான், நான் தையல் கடைக்குப் போகணும். ஏன்னு மட்டும் சொல்லுங்கப்பா."

அவள் முடிக்கும்வரை அப்பா பேசவில்லை. பிறகு, "அவன் ஆம்பளப் பிள்ளைம்மா. நாளைக்கு நாலு பேரைத் தாங்கணும்" என்றார்.

"இதுக்குப் பேரு ஓரவஞ்சனை."

"யாரு, நானா? எனக்கு என் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா எதுக்கு இந்த நாற்காலி மட்டும் இப்படி இருக்கு?"

கோபத்தில் கையில் அகப்பட்டதை எடுத்து வீசியதுதான் அந்தக் கேள்வி. ஆனால் அப்பாவுக்கு அது குறி தவறாமல் போய்ப் பட்டது. அம்மாவின் கேலியைத் தவிர, அவர் கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை. மறுநாள் காலையிலிருந்து பட்டறையில் ரம்பச் சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். நல்ல நாற்காலிகள் நான்கையும் கவிழ்த்துப் போட்டுக் கால்களை அறுத்துக்கொண்டிருந்தார். மரத்தூள் அவர் புருவத்தில் படிந்திருந்தது. அறுத்து முடித்து ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எனக்கு மேசை தாடைக்கு வந்தது. அண்ணன் தட்டை எட்டிப் பார்த்து, "சோறு எங்கேயோ மாடியில இருக்கு" என்றான்.

"இப்ப யாருக்கும் குறை இல்லையே?" என்றார் அப்பா, அக்காவைப் பார்த்து.

"என் கால் தரையில முட்டுது. காலேஜுக்கு மட்டும் எட்டல" என்றாள் அக்கா. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எங்களோடு அவள் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ அப்புறம்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"குட்டை நாற்காலியில இருக்கேன். முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தான்."

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"நாலு பேரைத் தாங்கணும்னீங்க. ரெண்டு வருஷம் உங்களுக்கு முதுகு பிடிச்சுக் கிடந்தப்ப யாரு தாங்கினது? நான் தையல் கடைக்குப் போனேன். அன்னைக்கு ஆம்பளை பொம்பளைன்னு யாரும் கேக்கல. அந்தக் கடையில என் கண்ணு போனதே போதும். என் பொண்ணு அங்க போக மாட்டா. இவன் பட்டறையில இருக்கட்டும். இவனுக்கு ரம்பம் வருது, கோடு வரல. டேய், நான் சொல்றது பொய்யா?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கோடு வரலதான்" என்றான்.

"முடிச்சுட்டேன். இப்ப நீங்க பேசுங்க."

அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டில் கை அளைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அக்காவிடம், "பெட்டிக்கு உள்ளே தட்டு வைக்கணுமா? வரைபடம் மடங்காம இருக்க..." என்றார்.

அக்கா போனாள். வரைபடம் வரைந்தாள், பிறகு வரைகிறவர்களுக்கு மேலாளர் ஆனாள். அண்ணன் பட்டறையைப் பெரிதாக்கினான். இன்றைக்கும் பேச்சு வந்தால், "எனக்குத்தான்டா ஓரவஞ்சனை பண்ணினாங்க" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நிஜமும் இருக்கும்.

நாற்காலிகளின் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தித் தருவதாக அப்பா பல முறை சொன்னார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அன்று முதல் அவள் எங்களோடுதான் சாப்பிட்டாள், மேசை நெஞ்சுக்கு வர.

ஐந்தும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. போன வாரம் அக்கா வந்திருந்தாள். முட்டி வலியோடு மெல்ல உட்கார்ந்து, "அப்பா மேசைக் காலையும் நாலு விரல் அறுத்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும், தெரியுமா?" என்றாள்.

"அவருக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருப்பேன். அப்புறம் குட்டை நாற்காலின்னே ஒண்ணு இருந்திருக்காதே. அம்மா எங்க உக்காந்து பேசியிருப்பா?"