பானெட்டுக்குள் ஒரு உஸ்ஸ்

தையல்காரிக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. மதியம் மூன்று மணிக்கு மகள் கைக்குழந்தையோடு மலையிறங்க வேண்டும். பதினேழு வளைவு. வாசலில் நிற்கும் மகளின் காரோ, ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து பானெட்டுக்குள் ‘உஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் அவள் காதில் ஊசி மாதிரி இறங்குகிறது. அவள் புருஷனோ ஒன்றுமே இல்லை என்கிறார்.

புருஷன் லேசுப்பட்ட ஆளில்லை. வீட்டின் முன்பக்கம்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். முப்பது வருஷமாகத் தெருவே அவரைக் ‘காதுக்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறது. முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே, முனையில் திரும்புகிற வண்டிக்கு எந்த பிளக் அடிக்கவில்லை என்று சொன்ன மனிதர். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் எடுபடுமா? நீங்களே சொல்லுங்கள், கண்ணுகளா.

“என்னங்க, உஸ்ஸுன்னு கேக்குதுங்க.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “ஆக்ஸிலேட்டரை மிதிம்மா.”

மகள் மிதித்தாள். எஞ்சின் உறுமியது. உறுமலில் உஸ்ஸ் அமுங்கிப்போனது.

“பாத்தியா? வெண்ணெய் மாதிரி ஓடுது.”

“மிதிச்சா எப்படிங்க கேக்கும்? சும்மா ஓடவிட்டுக் கேளுங்க.”

“உன் மிஷின் சத்தம் இன்னும் உன் காதுலயே ஓடிட்டிருக்கு. போய் பட்டனுக்குக் காஜா எடு, போ.”

காஜா எடுக்கவா! அவளுக்குச் சுருக்கென்றது. மிஷினில் ஒரு சொட்டு எண்ணெய் குறைந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற காது அவளுடையது.

“அப்பா, பிரேக் வேற நேத்துலேர்ந்து கட்டையா இருக்குப்பா. எழுந்து நின்னு மிதிக்க வேண்டியிருக்கு” என்றாள் மகள், குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு.

“போன மாசம்தானே நானே பிரேக் பூஸ்டர் ஹோஸ் புதுசா மாட்டினேன்? புதுசுன்னா அப்படித்தான். பழகிடும்.”

பழகிடும்! தையல்காரிக்கு உச்சி சூடேறியது. பதினேழாவது வளைவில் போய்ப் பழகட்டும் என்கிறாரா? அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால்தான் அந்த வீட்டில் எல்லோரும் பயப்பட வேண்டும்.

சுவரில் ஆணியடித்து ஒரு முழ ரப்பர் ஹோஸ் தொங்கியது. அந்தக் காலத்தில் அவர் அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சத்தத்தைப் பிடிப்பார். இப்போது அதன் மேல் தூசி ஒரு விரல் கனம். அவள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அதை எதுக்குடி எடுக்கிற?”

“காஜா எடுக்க!”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றுகிற ஃபேனிலிருந்து எட்ட நின்று குனிந்தாள். ரேடியேட்டர் பக்கம் ஒன்றுமில்லை. பேட்டரி பக்கம் ஒன்றுமில்லை. டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால், பிரேக் மிதியை லேசாக்கிக் கொடுக்கும் பூஸ்டர் என்ற கறுப்பு உருண்டை இருக்கிறதே, அதன் பக்கம் முனையைக் கொண்டுபோனாள். சீறல் காதைக் கிழித்தது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போகிற கனமான ஹோஸ். அதன் நுனியில் கிளாம்ப், குழாயில் முழுசாக ஏறாத ஹோஸின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றது. கடித்த இடத்தில் ஒரு வெடிப்பு.

“இங்க வாங்க. இதுதான் நீங்க மாட்டினது. இப்பவாவது கேக்குதா?”

அவர் குனிந்தார். தலையைச் சாய்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லு” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதர் அடம்பிடிக்கவில்லை. இவருக்குக் கேட்கவே இல்லை. பெரிய உறுமல் கேட்கும். ஊசிச் சத்தம் கேட்காது. அதனால்தான் எந்த வண்டி வந்தாலும் முதலில் மிதி, மிதி என்கிறார்.

அவர் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து அந்த வெடிப்பின் மேல் அழுத்தினாள். வெடிப்பு விரலின் சதையை உறிஞ்சிப் பிடித்தது. சீறல் நின்றது, அதுவரை லேசாகத் தடுமாறிய எஞ்சின் சீராக ஓடியது. அவர் விரலை எடுத்தார். எஞ்சின் மறுபடி தடுமாறியது. காதுக்காரர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை வருஷமா?” என்றாள்.

“மூணு இருக்கும்.”

“மூணு வருஷம்! அடுப்படியிலேர்ந்து தொண்டை கிழியக் கூப்பிடுவேன், திரும்ப மாட்டீங்க. திமிருன்னு நினைச்சு நான் இங்க வெந்துட்டிருந்தேன். அது போகட்டும். ஊரான் பிள்ளைங்க எத்தனை பேர் உங்களை நம்பி வண்டியை எடுத்துட்டுப் போயிருக்காங்க? உங்க பேத்தியே போக இருந்தாளே! அந்தப் பேர் அவ்வளவு பெருசா உங்களுக்கு?”

“அம்மா, விடும்மா” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. மூணு மணிக்குக் கிளம்பணுமா வேண்டாமா?”

அவர் எஞ்சினை அணைத்தார். கிளாம்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றினார். வெடித்த நுனியை இரண்டு விரல்கடை வெட்டி எறிந்தார். மிச்சத்தைக் குழாய் நுனியிலுள்ள வளைய மேட்டைத் தாண்டும்வரை தள்ளி ஏற்றி, மேட்டுக்குப் பின்னால் கிளாம்பை வைத்து முறுக்கினார். கை மட்டும் அதே பழைய கை. பிறகு எஞ்சின் அணைந்திருக்கும்போதே மகளைப் பிரேக்கைப் பல தடவை மிதிக்கச் சொன்னார். மிதி கல்லாக இறுகியது. அழுத்திப் பிடித்தபடியே அவள் ஸ்டார்ட் செய்தாள்.

“அப்பா, கால் தானா கீழ இறங்குது!”

“அப்படித்தான் இறங்கணும். இனிமே நம்பி மிதிக்கலாம்” என்றார். பிறகு மனைவியின் பக்கம் வந்து, மகளுக்குக் கேட்காத குரலில், “உஸ்ஸ் இருக்கா?” என்றார்.

முப்பது வருஷத்தில் ஒரு சத்தத்தைப் பற்றி அவர் அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கலாம். கத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கரித்துணியைத் தேடியபடி, “சாயங்காலம் டாக்டர்கிட்ட போய் காதைக் காட்டுறீங்க” என்றாள்.

“சரி சரி.”

அவள் நின்று திரும்பினாள். இந்த ‘சரி சரி’யை மூன்று வருஷமாகக் கேட்கிறாள்.

“என்ன சரி? நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?”

அவர் விழித்தார். “சாப்பிடச் சொன்ன.”

கரித்துணி அவர் முகத்தில் போய் விழுந்தது. அவள் நேரே வந்து எதிரில் நின்று, துணியை விலக்கி, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னாள்.